பார்த்துவிட்டு அழி

எங்கள் அறையில் ஒரே ஒரு சட்டம்தான். பார்த்துவிட்டு அழி. சுவரில் எழுதி ஒட்டவெல்லாம் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவன் முதல் நாளே என் வாயால் நாலு தடவை கேட்டுவிடுவான். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஆயிரம் கோப்புகள் ஒரே மூச்சில் போய்விடும். ஆகவே அழிப்பதற்கு முன், எந்த மாதிரிப் பெயருள்ள கோப்புகள் என்று சொல்கிற அதே பேட்டர்னைக் கொடுத்து, அதில் எவையெவை சிக்குகின்றன என்று பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் அழிக்கிற கட்டளை. இதை இலைசாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அவசரத்தில் மறந்தால்கூட, "அக்கா, பாத்தியா?" என்று பக்கத்து மேஜையிலிருந்து கேட்பவன் அவன். அந்தச் செவ்வாய்க்கிழமையும் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

சுவா துறைமுகத்துக்குப் பின்னால், மீன் சந்தையின் வாடை நாள் முழுக்க வீசுகிற மாடி அறை எங்களுடையது. தீவுகளிலுள்ள சின்ன மீன்பிடிப் படகு ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா கட்டியிருக்கும். படகு எங்கே இருக்கிறது என்று அது தன் தீவின் கோபுரத்துக்குச் சொல்லும். கோபுரம் அதை எங்களுக்கு அனுப்பும். ஒரு தகவலுக்கு ஒரு சின்னக் கோப்பு. கோப்பின் பெயரிலேயே தீவு, படகு எண், தேதி, நேரம் எல்லாம் இருக்கும். வேலை அவ்வளவுதான். வந்து விழுவதைப் பத்திரமாக வைத்திருந்து, யாராவது தொலைந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நைராய்த் தீவின் நாற்பத்தொன்றாம் எண் படகு தொலைந்திருந்தது. எரோனியும் அவன் மச்சான் லுகேயும் சனிக்கிழமை விடியலில் போனவர்கள். ஞாயிறு ஜெபத்துக்கு முன் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. அவர்கள் கிளம்பிய சனிக்கிழமையே அடித்த காற்றில் நைராய்க் கோபுரத்தில் எங்களைப் பார்த்திருந்த ஆன்டெனாத் தட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டுவிட்டது. கோபுரத்துக்குக் காது கேட்கிறது, வாய் பேசவில்லை என்கிற நிலைமை. படகு சொன்னதையெல்லாம் அது கேட்டு வைத்திருக்கும், நமக்குத்தான் வராது. தேடும் கப்பல், அவர்கள் வழக்கமாகப் போகிற வடக்குத் திட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு எங்கே போவது என்று கப்பல்காரர்களுக்கும் தெரியாது.

எரோனியின் அப்பா சைலோசி. கண் வைத்தியத்துக்காகச் சுவாவில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தவர், செய்தி கேட்டதும் எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாமா என்றுதான் கூப்பிட்டேன்.

சைலோசி மாமாவின் ஊரும் இலைசாவின் ஊரும் ஒன்றுக்கொன்று தௌவு முறை. ஆதியில் ஒரே தெய்வத்தின் வழியில் வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குள் மட்டு மரியாதை கிடையாது, பார்த்த இடத்தில் வசவுதான். ஒருத்தன் வீட்டில் இன்னொருத்தன் பன்றியோ பாயோ எதையும் கேட்காமல் எடுத்துப் போகலாம். பறிகொடுத்தவன் சிரிக்க வேண்டும். முகத்தைச் சுளித்தால் அவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். இவர்கள் இரண்டு பேரும் திங்கட்கிழமை வரை ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஊர்ப் பெயரைக் கேட்ட அடுத்த நொடியே ஆரம்பித்துவிட்டார்கள்.

"இந்த ஊர்க்காரன நம்பியா என் பையனத் தேடுறீங்க?" என்று என்னிடம் கேட்டார் மாமா. "இவனுங்க ஊர்ல நண்டே வழி தெரியாம நேரா நடக்கும்மா."

"கிழவா, உனக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னாங்க. வாயும் சேத்து வைத்தியம் பண்ணியிருக்கலாம்" என்றான் இலைசா.

சிரித்தார். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்ததெல்லாம் அவனிடம் மட்டும்தான். நான் ஆறுதல் சொன்னால் தலையை ஆட்டுவார். அவன் திட்டினால் முகத்தில் உயிர் வரும்.

செவ்வாய் காலையில் எங்கள் இயந்திரத்தில் இடம் கிட்டத்தட்டத் தீர்ந்துபோனது. பழைய கோப்புகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. நகல் எடுத்து வைக்கிற கருவி மழைக்காலத்தில் செத்தது செத்ததுதான்; புதியது கேட்டுக் கேட்டு என் தொண்டை வற்றிப்போனது. மிச்சமிருந்த துளி இடமும் நிறைந்துவிட்டால், நைராய்க் கோபுரம் வாயைத் திறந்தாலும் எதுவும் உள்ளே விழாது. நான் கப்பல்காரர்களோடு போனில் இருந்தேன். இலைசா சுத்தம் செய்ய உட்கார்ந்தான். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் தோளுக்குப் பின்னால் வந்தார்.

"என்னடா இது, கொசு மொய்ச்ச மாதிரி?"

"வலை. உங்க ஊர்க்காரனுக்குப் புரியாது."

"எங்களுக்கா வலை புரியாது? நீங்க வலை போட்டா செருப்புதான்டா மாட்டும்."

"சரி, பாரு" என்று இலைசா திரையில் விரலை வைத்துக் காட்டினான். "இந்த வளைவுக்குள்ள மூணு தீவு பேரு இருக்கா? கோரோ, நைராய், பட்டிக்கி. மூணுல எதுவா இருந்தாலும் சரி. அப்புறம் ரெண்டு கேள்விக்குறி. ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் ஒரே ஒரு எழுத்து, அது எதுவா வேணா இருக்கலாம். அது படகு நம்பர். அப்புறம் ஜனவரின்னு கண்டிப்பா இருக்கணும். கடைசில நட்சத்திரம். அதுக்கப்புறம் எது வந்தாலும், எவ்வளவு வந்தாலும் சரி. தனித்தனியா போட்டா கண்டதெல்லாம் மாட்டும். எல்லாத்தையும் கோத்துப் போட்டா வேண்டியது மட்டும் விழும்."

"எது வேணும் உனக்கு?"

"ஜனவரி மாசக் குப்பை. மூணு மாசம் பழசு. அது ஒழிஞ்சாதான் இங்க எடம் வரும். எடம் இருந்தாதான் உன் பையன் தகவல் வந்து விழும்."

இலைசா முதலில் பட்டியல் போட்டான். பக்கம் பக்கமாக ஓடியது. அவன் மேலிருந்து கீழ்வரை பார்த்தான். போனைக் காதில் வைத்தபடி நானும் எட்டிப் பார்த்தேன். அத்தனையும் ஜனவரியில் வந்த பழசு, ஒன்றுகூடத் தப்பாகச் சிக்கவில்லை. அப்படி ஒரு பேட்டர்ன் எழுத எங்கள் அறையில் அவனை விட்டால் ஆளில்லை.

அந்த நேரத்தில்தான் மாமா எழுந்து, இலைசாவின் மேஜையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

"யோவ்! திருட்டுக் கிழவா! எங்கம்மா எனக்குக் கட்டிக் குடுத்ததுய்யா அது!"

"தௌவு சோறு என் சோறுடா. போய் உங்கம்மாகிட்டயே அழு!"

இலைசா குனிந்து என் காதருகில் சொன்னான். "ரெண்டு நாளா பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் உள்ள போகல அக்கா. தொரத்துற மாதிரி போய் சாப்பிட வச்சிட்டு வரேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் தின்றார்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் சேப்பங்கிழங்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இவன் ஒரு துண்டைப் பிடுங்க, அவர் கையைத் தட்டிவிட, ஒரே கூத்து. மகனைக் கடலில் தொலைத்த மனிதர் ஒரு கவளம் முழுதாக விழுங்கியதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. பாதி டப்பா காலியானதும் இலைசா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மேல் அம்பு விசையை ஒரு தட்டுத் தட்டினான். முந்தைய வரி அப்படியே வந்தது. முன்னாலிருந்த பட்டியல் கட்டளையை எடுத்துவிட்டு அழிக்கிற கட்டளையைப் போட்டான். பேட்டர்னில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்றுதானே நாங்கள் பழகியிருக்கிறோம்? மறுபடி தட்டினால் பிழை வரும், ஆகவே பார்த்ததையே திரும்ப எடு என்பதுதான் பழக்கம். என்டரை அழுத்தினான்.

"ஆச்சு அக்கா. எடம் தாராளமா இருக்கு."

கொஞ்ச நேரத்தில் நைராயிலிருந்து போன். பள்ளிக்கூட டீச்சர் டோரிகா. கோபுரத்தைக் கவனித்துக்கொள்கிறவள் அவள்தான்.

"உனைசி! தட்ட சரி பண்ணிட்டோம்! ஹெட்மாஸ்டரே கோபுரத்துல ஏறிட்டாரு, அந்தத் தொப்பையத் தூக்கிக்கிட்டு! நாப்பத்தொண்ணாம் படகோட சத்தம் நேத்து வரைக்கும் கேட்டிருக்கு. எல்லாம் உங்களுக்கு அனுப்பியாச்சு. எங்க இருக்காங்க, சொல்லு!"

தேடினேன். ஒன்றும் இல்லை.

"இங்க எதுவும் வரலியே டோரிகா."

"வரலயா? வந்துச்சுன்னு உங்க மெஷின் பதில் சொல்லிச்சே! அதனாலதான் இங்க எல்லாம் காலியாச்சு. இது சின்னப் பெட்டி, போனதும் தானே தொடச்சுக்கும்." பிறகு ஏதோ நினைவு வந்தவளாகச் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணு. சனிக்கிழமை கரண்டு ஒருவாட்டி போயிட்டு வந்துச்சு. இங்க கடிகாரம் ஜனவரி ஒண்ணுலேருந்து மறுபடி ஓடுது. அதனால ஏதாச்சும் கொழப்பமா?"

மின்சாரம் போய் வந்தால் அந்தக் கோபுரத்துக் கடிகாரம் வருடத்தின் முதல் நாளுக்குத் திரும்பிவிடும் என்பது எனக்கும் இலைசாவுக்கும் தெரிந்த சனியன்தான். எரோனியின் கோப்புகள் ஜனவரி என்று பெயர் சூட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. அவர்கள் பெஞ்சில் தின்றுகொண்டிருந்தபோது வந்திருக்கின்றன. இலைசா பட்டியல் பார்த்தபோது அவை அதில் இல்லை. என்டரை அழுத்தியபோது இருந்தன. நட்சத்திரத்துக்கு அவன் முன்னால் எதைப் பார்த்தான் என்றெல்லாம் ஞாபகம் இருக்காது. அந்த நொடியில் உள்ளே இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகும்.

திரும்பினேன். இலைசா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஜனவரி என்று போனில் கேட்டதைத் திரும்பச் சொன்னேனோ என்னவோ, அவன் முகம் சாம்பலாகியிருந்தது.

"பிளக்கப் புடுங்குடா!" என்று கத்தினேன். அவன் அசையவில்லை. நானே மேஜைக்கடியில் பாய்ந்து பிடுங்கினேன். அழித்தது உடனே மண்ணோடு மண்ணாகிவிடாது. பெயர் மட்டும்தான் போகும். எழுத்து அங்கேயே கிடக்கும், அடுத்து வருகிறது வந்து மேலே உட்காரும்வரை. ஒவ்வொரு நொடியும் ஏதோ ஒரு படகிலிருந்து ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அன்று மற்ற தீவுகளின் படகுகளையும் எங்களால் கவனிக்க முடியாமல் போனது. பரவாயில்லை, கரையில்தான் நின்றிருந்தன பெரும்பாலானவை.

நான் தலையைத் தூக்குவதற்குள் இலைசா வெளியே போய்விட்டான். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மாமாவின் முன்னால் நின்று சொன்னான். என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா மடியில் அந்த டப்பாவை வைத்திருந்தார். மீதி இருந்த கிழங்கின் மேல் மூடியைப் பொருத்தி அழுத்தினார். அவ்வளவுதான் செய்தார்.

"ஏன்டா அவசரப்பட்டு ஓடின? தேடிப் பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்ல? பாவி, அந்த மனுஷன் நெஞ்சு வெடிச்சிடும்டா!" என்று பொரிந்து தள்ளினேன்.

"அவரு பையன் அக்கா" என்றான்.

கோப்புகள் பதிந்திருந்த வட்டைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டினோம். அதன் கச்சா எழுத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படித்து, நாற்பத்தொன்றாம் படகின் சாயல் எங்கே தெரிந்தாலும் பிடித்துத் தரச் சொல்ல வேண்டும். அதற்கும் பேட்டர்ன்தான் வேண்டும். இலைசாவை உட்காரச் சொன்னேன்.

"என் கை வேணாம் அக்கா. நான் சொல்றேன், நீ அடி."

சொன்னான். படகு எண், அதற்குப் பின் கழித்தல் குறி, பிறகு ஒன்று, பிறகு ஏழோ எட்டோ, இரண்டில் ஒன்று, ஏனென்றால் அந்தக் கடல் தெற்கு அட்சரேகை பதினேழிலும் பதினெட்டிலுமாகக் கிடக்கிறது, பிறகு புள்ளி, பிறகு எண்கள், எத்தனை வந்தாலும். கண்ணை மூடிக்கொண்டு, ஜெபம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். ஒரு குறி பிசகவில்லை. நான் தட்டினேன். வட்டு பெரியது, பழசு. ஆமை வேகத்தில் ஓடியது. மாலைவரை ஒன்றும் இல்லை. மாமாவின் தங்கை வந்து அவரைக் கூட்டிப்போனாள். போகும்போது அவர் இலைசாவை எதுவும் சொல்லவில்லை. திட்டுவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான் அவன்.

புதன்கிழமை மதியம் தாண்டித்தான் துண்டு துண்டாகக் கிடைத்தன. பாதி எண், முறிந்த வரி. ஆனால் போதும். அவர்கள் வடக்குத் திட்டுக்குப் போகவே இல்லை. தெற்கே போயிருக்கிறார்கள், அங்கேயே இன்ஜின் நின்று, மேற்கே அடித்துப் போயிருக்கிறார்கள். கப்பல் இத்தனை நாளும் நேர் எதிர்ப்பக்கத்தில் அலைந்துகொண்டிருந்தது. எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். மறுமுனையில் அதிகாரி இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டு, "இது நேத்தே கெடச்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வியாழன் காலையில் படகைக் கண்டுபிடித்தார்கள். கவிழ்ந்திருந்தது. அதன் முதுகில் லுகே மட்டும் கிடந்தான், உயிரோடு. தோல் உரிந்து, உதடு வெடித்து, தன் பெயர்கூடச் சொல்ல முடியாமல். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பேச்சு வந்ததும் முதலில் சொன்னது எரோனியைப் பற்றித்தான். நான் அங்கே நின்றிருந்தேன். என் காதால் கேட்டேன்.

"நேத்து வெயில் ஏறுற வரைக்கும் என் கையப் புடிச்சிருந்தான். கப்பல் வரும், கப்பல் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அப்புறம் கை நழுவிடுச்சு."

செவ்வாய் மதியம் எங்களுக்குத் தெரிந்திருந்தால், புதன் விடியலில் கப்பல் அங்கே நின்றிருக்கும். இதைக் கணக்குப் போட எனக்குப் பேனா வேண்டியிருக்கவில்லை. இலைசாவுக்கும் வேண்டியிருக்காது. எரோனியின் உடல் கிடைக்கவே இல்லை.

மேலிடத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். எல்லாம் விதிப்படி செய்திருக்கிறான், பார்த்துவிட்டுத்தான் அழித்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். நகல் கருவியை மட்டும் அடுத்த வாரமே வாங்கிக் கொடுத்தார்கள். வாயில் நன்றாக வந்தது எனக்கு, அடக்கிக்கொண்டேன்.

இலைசா தன் தாய்மாமனிடம் கேட்டு ஒரு திமிங்கிலப் பல் வாங்கி வந்தான். பழசு, தேன் நிறம், பின்னிய கயிறு கட்டியது. எங்களில் ஒருத்தன் இன்னொருத்தனுக்குப் பொறுக்க முடியாத தீங்கு செய்துவிட்டால், அதைக் கையில் ஏந்திக்கொண்டு போய்த்தான் மன்னிப்புக் கேட்க முடியும்.

"தௌவுக்குள்ள எதுக்குடா இது? அவரு வாசல்லயே பல்லப் புடுங்கி உன் தலைலயே போடுவாரு" என்றேன்.

"போடட்டும் அக்கா. அதுக்குத்தான் போறேன்" என்றான். அவனைத் தனியே விட மனமில்லாமல் நானும் போனேன்.

சுவாவின் ராய்வங்காப் பகுதியில் மாமாவின் தங்கை வீடு. பாய் விரித்து, உறவெல்லாம் கூடியிருந்தது. சைலோசி மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இலைசா வாசலிலிருந்தே மண்டியிட்டு நகர்ந்து போய், பல்லை இரண்டு கையிலும் ஏந்தி, தலையைக் குனிந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னான். நான் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருடா நாயே, உங்க ஊர்ல அழக்கூட ஒழுங்காத் தெரியாதா என்று ஒரு வார்த்தை வராதா என்று கிடந்து தவித்தேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று முறை கைதட்டினார், பெரிய மனிதர் வீட்டில் தட்டுவது போல ஆழமாக. இரண்டு கையையும் நீட்டிப் பல்லை வாங்கிக்கொண்டார்.

"வாங்க தம்பி. இவ்வளவு தூரம் வந்தீங்க. நாங்க ஏத்துக்கிட்டோம். எங்க மனசுல ஒண்ணும் இல்ல. நீங்க நல்லா இருக்கணும்."

கூட்டம் முழுவதும் கைதட்டியது. வெளியூர்க்காரன் வந்து மன்னிப்புக் கேட்டால் எப்படித் தட்டுவார்களோ அப்படி. இலைசாவுக்குப் பாயில் இடம் கொடுத்தார்கள். விருந்தாளிக்கென்று வேரை இடித்துக் கரைக்கிற யங்கோனாவில் முதல் கிண்ணம் அவனுக்குத்தான் வந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. யாரும் அவன் ஊரைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. அவன் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

கிளம்பும்போது மாமா தங்கையிடம் ஏதோ சொன்னார். அவள் உள்ளே போய் அந்தச் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்தாள். கழுவித் துடைத்து, அதில் மீனும் கிழங்கும் நிறைய வைத்து, மூடியிருந்தது. மாமா அதை இரண்டு கையாலும் வாங்கி இலைசாவிடம் நீட்டினார்.

"அன்னிக்கு உங்க சாப்பாட்டக் கேக்காம எடுத்துட்டேன், தம்பி. தப்புதான். மன்னிச்சிடுங்க."

இலைசா டப்பாவை வாங்கவில்லை. "மாட்டேன் கிழவா, மாட்டேன், என்னத் திட்டு" என்று சொல்லிக்கொண்டே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அவர் குனிந்து, டப்பாவை அவன் பக்கத்தில் பாயின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, உள்ளே போனார்.